ஒச்சப்பன் பார்த்த பச்சை

பதினொரு மணிச் சாயா வந்ததும் ஒச்சப்பன் சாரத்தை விட்டு இறங்குகிறான். பிரஷ்ஷைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு வீட்டுக்கு போன் அடிக்கிறான். "மகா சாப்பிட்டாளா" என்றெல்லாம் கேட்பதில்லை. "என்ன நெறம்?" என்றுதான் கேட்கிறான். அந்தப் பக்கம் மனைவி மாயம்மாள், "ஒரு நெறமும் இல்ல, வெளையாடிக்கிட்டு இருக்கு" என்கிறாள். மூன்று மணிக்கு மறுபடியும் அதே கேள்வி. மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டுக்காரர் இதை ஒட்டுக்கேட்டு, தன் வரவேற்பறைச் சுவரைப் பற்றித்தான் பெயின்டர் மனைவியிடம் கலந்து பேசுகிறான் என்று நம்பி, இரண்டு நாள் அவனை மிகுந்த மரியாதையோடு நடத்தினார்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பத்தொன்பது வருஷமாகிறது. குடியிருப்பு எர்ணாகுளத்துக்கு அக்கரையில், பள்ளுருத்தியில். மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகள் பல, சுற்றுலாக்காரர்களுக்கான காப்பிக் கடைகளாகிவிட்டதால், புதுச் சுவரைப் பழையதாகக் காட்டுவதுதான் இப்போது அவனுக்கு அதிகம் வரும் வேலை. "நல்லா அடிக்கத்தான் கத்துக்கிட்டேன். இப்ப வெளங்காத மாதிரி அடிக்கச் சொல்றாங்க" என்பான். அதையும் நன்றாகவே செய்வான்.

மகள் மகாவுக்கு நான்கு வயது. பிறந்தபோதே உறுப்புகள் இடம் மாறியிருந்தன. ஹெட்டரோடாக்ஸி என்று எழுதிக் கொடுத்தார்கள். இதயம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கல்லீரல் நட்டநடுவில். மண்ணீரல் இல்லவே இல்லை. ஒச்சப்பன் இதை மாயம்மாளுக்குத் தன் பாஷையில் விளக்கினான்: "வீடு மாத்தும்போது சாமான் எறக்குனவன் கண்ட எடத்துல வெச்சுட்டுப் போயிட்டான். ஒரு பொட்டிய வண்டியிலயே விட்டுட்டான்." கைக்குழந்தையாக இருந்தபோதே இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. மண்ணீரல் இல்லாத குறைக்கு, காலையும் மாலையும் பென்சிலின்.

அது முடிந்தது என்று இருந்தபோது குடல் வந்தது. மருந்தைக் குடிக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில், கருவிலேயே சுற்றி வந்து தன் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டிய குடல் பாதி வழியில் நின்றுவிட்டது தெரிந்தது. அப்படிப்பட்ட குடல் என்றைக்காவது முறுக்கிக்கொள்ளலாம். ஆயுசுக்கும் சும்மா கிடக்கவும் செய்யலாம். இப்போதே ஆபரேஷன் செய்து வைப்போம் என்றார் ஒரு டாக்டர். இந்த இதயத்துக்கு மயக்க மருந்து ஆபத்து, தொல்லை தராதவரை தொட வேண்டாம் என்றார் இன்னொருவர். கடைசியில் இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: பெற்றவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

"ரெண்டு பேரும் பெரிய படிப்பு. முடிவெடுக்க மட்டும் ஆறாப்பு ஃபெயிலானவன் வேணுமாம்" என்றான் ஒச்சப்பன். காத்திருப்பதாக முடிவெடுத்தான். அது தைரியமா பயமா என்று அவனுக்கே இன்றுவரை தெரியாது.

அறுவை மருத்துவர் ஹரிநாராயணன் பாலக்காட்டுத் தமிழர். "கொழந்தை பச்சையா வாந்தி எடுத்தா கொடல் முறுக்கிண்டிருக்கலாம். மாத்திரை கீத்திரை குடுத்துண்டு ஆத்துல உக்காராதீங்கோ. அடுத்த நிமிஷம் இங்க கொண்டு வரணும்" என்றார்.

"எந்தப் பச்சை சார்?"

டாக்டர் சிரித்தார். ஒச்சப்பன் சிரிக்கவில்லை. "எங்க பெயின்ட் கலர் கார்டுல பச்சையே எம்பது இருக்கு சார்."

"எம்பதும்தான்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து வீட்டில் துண்டு, பாய்விரிப்பு, தலையணை உறை எல்லாம் வெள்ளை. வெள்ளையில்தான் நிறம் தெரியுமாம். கீரை நின்றது. பச்சைப் பட்டாணி நின்றது. உடம்புக்குக் கீரை கொடுங்கள் என்று அங்கன்வாடி டீச்சர் மாதாமாதம் சொல்லி அனுப்புவதும், மாயம்மாள் தலையாட்டி வருவதும் நடந்தன.

இத்தனை கட்டுக்காவலையும் மீறிப் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் பிஸ்தா கேக் உள்ளே போய்விட்டது. மாலையில் மகா பளிச்சென்ற பச்சையில் வாந்தி எடுத்தாள். ஆட்டோ பாலங்களையெல்லாம் கடந்து எர்ணாகுளத்துக்குப் பறந்தது. பணியிலிருந்த இளம் டாக்டரம்மா துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏலக்காய் மணம் வருது" என்றார். ஆஸ்பத்திரியில் அவனுக்குப் 'பிஸ்தா' என்று பேர் விழுந்தது.

நாலு மாதம் கழித்து, ஆடி மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி போனுக்கு மாயம்மாளின் பதில் மாறியது. "மஞ்சளா பச்சையான்னு தெரியல. கேக் எதுவும் திங்கல. சுருண்டு படுத்திருக்கு."

"துண்டத் தொவைக்காத" என்றான்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. "போன தடவையும் நீங்கதானே வந்தது?" என்று கேட்டுக்கொண்டே வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வயிறு மெத்தென்றுதான் இருந்தது. இந்த மழைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாந்தி, இதுவும் மஞ்சளாகத்தான் தெரிகிறது, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

குரலை உயர்த்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஒச்சப்பனுக்குத் தெரியும். துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனான். "டாக்டரம்மா, ஒரு நிமிசம் இங்க வாங்க. டியூப்லைட்ல நெறம் பொய் சொல்லும். பகல் வெளிச்சத்துல பாருங்க. இது மஞ்சள்ல பச்சை விழுந்தது இல்ல. பச்சைல மஞ்சள் விழுந்தது. பத்தொம்பது வருசமா இதத்தான் கலக்குறேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது. இது தெரியும்."

டாக்டரம்மா ஜன்னலருகே வந்தார். துண்டைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

ஸ்கேனில் குடல் தன் ரத்தக் குழாயையே சுற்றி முறுக்கியிருந்தது. அரைமணி நேரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். இதயத்தைப் பற்றி மயக்க மருந்து டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒச்சப்பன் தமிழில் கையெழுத்துப் போட்டான். இந்த முறை முடிவெடுக்க எதுவும் இல்லை என்பதே ஒரு நிம்மதியாக இருந்ததாம்.

மூன்று மணி நேரம் கழித்து ஹரிநாராயணன் வெளியே வந்தார். "கொடல் கருநீலமா இருந்தது. முறுக்கைப் பிரிச்சு, வெதுவெதுப்பான துணியைப் போட்டுக் காத்துண்டிருந்தோம். ரோஸாயிடுத்து. எதையும் வெட்ட வேண்டி வரலை."

மாயம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒச்சப்பன், "எல்லாத்தயும் சரியான எடத்துல வெச்சுட்டீங்களா சார்?" என்று கேட்டான்.

"சரியான எடத்துல வெக்க முடியாது. முறுக்கிக்காத எடத்துல வெச்சிருக்கேன். சிறுகொடல் முழுக்க வலப் பக்கம், பெருங்கொடல் இடப் பக்கம். கொடல்வாலையும் எடுத்தாச்சு. எடுக்காட்டா அது இப்போ வேற பக்கத்துல கெடக்கும். பின்னாடி அங்க வலிச்சா எந்த டாக்டருக்கும் புரியாது."

"ஒரு கோணலப் பிரிச்சு இன்னொரு கோணலா அடுக்கியிருக்கீங்க" என்றான் ஒச்சப்பன்.

"அதேதான்" என்றார் டாக்டர்.

மூன்று நாள் மகாவின் மூக்கில் குழாய். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடல் வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளமாகக் காற்றுப் பிரிய வேண்டும். அப்புறம்தான் தண்ணீர் என்றார்கள். ஒவ்வொரு நர்ஸும் வேலைக்கு வந்ததும் "கேஸ் போயோ?" என்று, காற்றுப் பிரிந்ததா என மலையாளத்தில் கேட்டார். ஒச்சப்பன் கட்டில் கம்பியில் மோவாயை வைத்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கினான். மகா தண்ணீர் கேட்டு அழுதாள். பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடந்தாள்.

நான்காம் நாள் காலை, துணி கிழிவதுபோல மெல்லிதாக ஒரு சத்தம் கேட்டது.

மாயம்மாள் சந்தேகத்தோடு அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா?"

இல்லையென்று தலையசைத்தான். மெதுவாக எழுந்து நின்றான். பெரியவர் யாரோ வந்து நின்றதுபோல, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்து, கணுக்கால் வரை இறக்கிவிட்டான்.