சந்தனம் காட்டிக்கொடுத்த டயர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. கார் டயர்களில் அப்பியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்ததெல்லாம் வந்துவிட்டது. ஆனால், மெல்லிய கோடுகளாகக் கொஞ்சம் மஞ்சள்... எவ்வளவு அழுத்தித் தேய்த்தும் போகவில்லை.

உற்றுப் பார்த்தேன். அத்தனையும் வெடிப்பு! பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி, டயரின் பக்கவாட்டு முழுக்க.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. டயரெல்லாம் வெடிச்சுக் கெடக்குதுங்க."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பட்டன் அப்படியே இருக்குதல்லோ அம்மணி! கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் உட்டா வண்டிய எடுக்கறதே இல்ல. ஓடாத டயரு எப்படித் தேயும்?"

பட்டன் என்றால், தரையில் படும் இடத்தில் கட்டை கட்டையாக இருக்குமே, அதுதான். அது தேய்ந்தால்தான் டயரை மாற்ற வேண்டும் என்பது எங்கள் துடியலூரில் பாதிப் பேரின் நம்பிக்கை. இவர் காருக்கு வெயில் படாமல் உறை போடுவார், தினமும் துடைப்பார்... டயருக்கு வயதாகும் என்று சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் நமக்கு மட்டும் வயது ஏறாமலா இருக்கிறது?

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு, தயாரான வாரம். அடுத்த இரண்டு, வருடம். உங்கள் வண்டியிலும் ஒருமுறை பாருங்களேன். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இந்த டயர் பிறந்தபோது எங்கள் மகள் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்!

இப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பவானியில் அவள் புகுந்த வீட்டுக்குப் போய், கட்டுச்சோறு விருந்து போட்டு, பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். இதே காரில்... இதே டயரில்! பைபாஸில் போகும்போது ஒன்று வெடித்தால்?

"புள்ளத்தாச்சிப் பொண்ண இந்த டயர நம்பி உக்கார வெப்பீங்களா? நீங்களே சொல்லுங்க."

இப்போதுதான் குனிந்து பார்த்தார். விரலால் வெடிப்பைத் தடவினார். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாலையில் கார் நான்கு புது டயர்களோடு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டி வந்தோம். பின்சீட்டில் என் தோளில் சாய்ந்து வழியெல்லாம் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துபோனது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கார் ஷெட்டின் மூலையில் பழைய டயர் ஒன்று!

"இது எதுக்குங்க?"

"பேரப்புள்ளைக்கு ஊஞ்சல் கட்டலாமுன்னுதான் அம்மணி. பட்டன் நல்லாத்தானே இருக்குது!"

கட்டட்டும். கயிறு எந்த வருடத்தியது என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.