இரவல் கேம்ஷாஃப்ட்

வேன் எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் தண்டு உடைந்து, தோட்டத்துப் பிள்ளைகளை றக்வானைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிற என் பிழைப்பு நின்றுபோயிருந்தது. இரத்தினபுரியில் இரண்டு கடைக்காரர்கள் பொருந்தாததைக் கொடுத்து ஏமாற்றினார்கள். கடைசியில்தான் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் அந்த மனிதரிடம் போனேன்.

ஒல்லியான ஆள். எதைக் கேட்டாலும் எண்ணெய் விரலால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அது இன்னும் அழுக்காகும். அவர் எடுத்துக் காட்டிய கேம்ஷாஃப்ட் என்னுடையதோடு அச்சு அசலாக ஒத்திருந்தது.

"இத விக்க மாட்டேங்க. என் வேனோடது."

அவர் காட்டிய வேனுக்குச் சக்கரமே இல்லை. ஜன்னல் வழியாகப் பப்பாளி மரம் எட்டிப் பார்த்தது.

"இது எப்பண்ணே ஓடும்? காய் பறிச்ச பொறகா?" என்று கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "சரி, இரவலாக் கொண்டு போங்க தம்பி. நம்ம வேன் ரெடியானதும் கோல் எடுப்பேன். கழட்டிக் கொண்டாந்துறணும்."

காசை அவர் தொடவில்லை. என் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்போது வேன் நன்றாக ஓடுகிறது. அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்பதுதான் விளங்கவில்லை. நேரில் போய்க் கேட்கலாம். கழட்டச் சொல்லிவிட்டால்? இரத்தினபுரிக்குப் போனால் அவர் இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.