பேட்டுக்குப் போட்ட பூசை

என் மகள் யாழினி பள்ளி சாஃப்ட்பால் குழுவில் ஆடுகிறாள். இந்த சீசன் முழுக்க பேட்டை வீசுகிறாள், பந்து மட்டும் படவே இல்லை. இன்றும் படாவிட்டால் பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார்.

காலையில் என் மனைவி அவளையும் பேட்டையும் எங்கள் ஊர் கிள்ளான் கோயிலுக்குக் கூட்டிப்போய், புதுக் கார்களுக்குப் பூசை போடும் வரிசையில் நின்றுவிட்டாள்.

ஐயர் அசரவில்லை. பேட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். "டயர் இல்லியேம்மா, எலுமிச்சம்பழத்த எதுல நசுக்குறது?" என்று மட்டும் கேட்டார்.

"அவளே அடிச்சு நசுக்கட்டும் சாமி."

யாழினி முகத்தை மூடிக்கொண்டாள்.

மதியம் ஆட்டத்தில் முதல் பந்தே டொக்கென்று பட்டது. வேலியைத் தாண்டிப் போய் என் கார் கண்ணாடியை உடைத்தது. கோட்டுக்கு வெளியே போனதால் அது கணக்கில் இல்லை. அதற்கப்புறம் வழக்கம்போல் அவுட்.

ஆனாலும் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "பா, பட்டுச்சுலா."

கோச் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நெக்ஸ்ட் கேமும் நீ ஆடு" என்றார்.

அடுத்த ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் காரைத் தூரமாக நிறுத்துங்கள். பிள்ளை அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.