அறுபத்திரண்டு சதவீதம்

தெருவில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். பட்டம் மரியாதைக்காக வந்ததல்ல. யார் மெஷினைக் கொண்டுவந்தாலும் மூடியைக் கழற்றுவார், காதை வைத்துக் கேட்பார், கடைசியில் தேறும் அல்லது தேறாது என்று ஒரு வார்த்தை சொல்வார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

கடை அவர் குடியிருப்பின் முதல் மாடியில், மேலே போகும் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே நிமிர்ந்து நிற்க ஒரே ஓர் இடம்தான். கடைக்கு ஒரு சட்டம் உண்டு. பெட்டியை மட்டும் கொண்டுவர வேண்டும். கீபோர்டு, மவுஸ், வயர் எதுவும் வரக் கூடாது.

"கண்டவங்க வயரை என் மேஜையில சொருக முடியாது. பாதி வியாதி அதுலதான் வருது" என்பார்.

அவருடைய வயர், அவருடைய திரைகள், அவருடைய கீபோர்டு. கீபோர்டைப் பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்வார். சொந்தப் பல்லை அவர் இவ்வளவு அக்கறையாகத் துலக்கியதில்லை என்பது அவர் மனைவியின் கருத்து.

மனைவியின் தங்கை வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். ஓர் இன்ஜினியர் ஆபீஸில் வெகுகாலம் வரைந்தாள். படத்தின் கீழே இன்ஜினியர் பெயர்தான் இருக்கும். அது பொறுக்காமல் விலகி வந்தாள். வீட்டிலிருந்தே செய்ய முதல் வேலை கிடைத்திருந்தது. ஒரு மாடி வீடு. வெள்ளிக்கிழமை படம் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினாள்.

"எப்படியாவது பாருங்க மாமா. இல்லன்னா திரும்ப அந்த ஆள் முன்னாடி போய் நிக்கணும்."

"எதுக்கு நிக்கற? பழைய நாற்காலி அங்கதானே இருக்கும்."

"அக்கா, உன் வீட்டுக்காரர் வாயை முதல்ல ரிப்பேர் பண்ணு."

"அது தேறாதுடி" என்றாள் அக்கா.

பழைய சிஸ்டம் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. சாதாரண வேலை. அவர் பென்டிரைவைச் செருகினார். திரையில் சதவீத எண் மெல்ல ஏறியது. 'சாதனங்கள் தயாராகின்றன' என்று எழுத்து வந்து, அறுபத்திரண்டில் நின்றது. சுற்றிக்கொண்டிருந்த புள்ளிகளும் நின்றன. அணைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அறுபத்திரண்டு.

புதன்கிழமை முழுக்க அந்த மெஷின்தான். மெமரியைக் கழற்றி வேறு போட்டார். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார். விசிறியில் அடைந்திருந்த தூசியை ஊதினார். பென்டிரைவை அழித்துப் புதிதாகத் தயார் செய்தார், பிறகு பென்டிரைவையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது. சாப்பிடக் கூப்பிட்ட மனைவியிடம், "அறுபத்திரண்டு" என்று மட்டும் சொன்னார். சாம்பார் ஆறிவிட்டது என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை.

வியாழக்கிழமை காலை கொழுந்தியாளுக்கு போன் செய்தார்.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். மிச்சம் மதர்போர்டுதான். தேறாது."

"நிச்சயமாவா மாமா?"

"சொல்லிட்டேன்ல."

 அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல் ஒரு டிராவல்ஸ்காரர் தன் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். அதற்கும் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும். டாக்டர் அதை மேஜையின் மறுகோடியில் இரண்டாவது திரையில் மாட்டினார். கொழுந்தியாள் மெஷின் இன்னும் அறுபத்திரண்டில் உறைந்துதான் கிடந்தது. அணைக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. அதிலிருந்து கீபோர்டை மட்டும் உருவி டிராவல்ஸ்காரர் மெஷினில் சொருகினார்.

முதலில் கவனித்தவர் டிராவல்ஸ்காரர்தான்.

"அது என்ன டாக்டர், அறுபத்தெட்டுன்னு காட்டுது?"

அவர் திரும்பிப் பார்த்தார். புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. எழுபது. எழுபத்தைந்து. அவர் எழுந்திருக்கவில்லை. எண் நூறைத் தொட்டு, மெஷின் தானாக அணைந்து, தானாக எழுந்து, வணக்கம் சொன்னது. அதற்குள் டிராவல்ஸ்காரர் மெஷின் அறுபத்திரண்டுக்கு வந்து நின்றுவிட்டது.

கீபோர்டைக் கழற்றினார். எண் நகர்ந்தது.

கதவோரம் நின்றிருந்த மனைவி கீபோர்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இதை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை பேரைக் கொன்னீங்க?"

அவருக்குப் போன வாரம் திருப்பி அனுப்பிய மருந்துக்கடை மெஷின் ஞாபகம் வந்தது. அதையும் தேறாது என்றுதான் சொல்லியிருந்தார். போனை எடுத்துக் கொழுந்தியாளைக் கூப்பிட்டார்.

"மெஷின் ஓடுதும்மா. இப்பவே கொண்டு வரட்டுமா?"

மறுமுனையில் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் பிரிண்டர் சத்தமும் கேட்டன. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஆபீஸ்ல இருக்கேன் மாமா. காலையிலயே பேசிட்டேன். அந்த மாடி வீட்டையும் இங்கயே முடிச்சுக் கொடுக்கிறதாச் சொல்லியாச்சு. சார் பேர்லதான் போகுது."

"இப்ப மாத்த முடியாதா?"

"வீட்டுக்காரங்ககிட்ட சாரே பேசிட்டார். பக்கத்துல வர்றார், வச்சுடறேன்."

அன்று சாயங்காலம் முழுவதும் அவர் அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தார். வரைபடத்துக்கு வேண்டிய மென்பொருள் ஒவ்வொன்றாக ஏற்றினார். மனைவி தங்கையிடம் கேட்டு எழுதிக்கொடுத்தவை போக, தங்கை கேட்காத ஒன்றிரண்டையும் சேர்த்தார். மறுநாள் மருந்துக்கடைக்குப் போனார். அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். மெலிந்தெல்லாம் போகவில்லை. அக்காவிடம் வழக்கம்போலச் சண்டை போட்டாள்.

"மதர்போர்டுன்னு சொன்னீங்களே மாமா?"

"மெஷின்ல ஒண்ணுமில்ல. என் கீபோர்டு."

"அதை மாத்திப் பாக்கலயா?"

"அது என்னுது" என்றார்.

அவள் தலையாட்டினாள். கோபமா என்று தெரியவில்லை. குனிந்து பெட்டியைத் தூக்கினாள். குடியிருப்பின் வெளிவாசல்வரை இரண்டு படிக்கட்டுகள் இறங்க வேண்டும். அவர் ஒரு பக்கம் பிடிக்கக் கையை நீட்டினார்.

"வேண்டாம் மாமா. கனமில்ல."

அவர் மாடிப்படி அருகில் நின்று பார்த்தார். அவள் திருப்பத்தில் பெட்டியைச் சுவரில் முட்டாமல் சாய்த்து, மறுபடி நேராக்கி, இறங்கிப் போனாள்.