சுவரில் ஒட்டிய மூன்று எண்கள்

கணினி பழுதுபார்க்கும் தொழிலில் பாதி நேரம், அது எப்படி நின்றது என்று கேட்டறிவதிலேயே கழிந்துவிடும். உங்கள் அலுவலகக் கணினியும் ஏதோ ஒரு காலையில் எழ மறுத்திருந்தால் இது உங்களுக்குப் புரியும். நாட்டுப்பாடல்களின் பாடபேதங்களைத் திரட்டிக் கற்பித்து ஓய்வுபெற்ற நான், இப்போது திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினியைக் கவனித்து வருகிறேன். எந்தத் துணிக்கு எந்தச் சாயம் எவ்வளவு என்பது முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதை இயக்குபவர் காளீஸ்வரி, தென்மாவட்டத்திலிருந்து வந்தவர். துணி மடிக்கும் பிரிவிலிருந்து சோதனை முறையில் ஆய்வகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். தவறு நேர்ந்தால் மறுபடியும் மடிக்கும் மேசைதான் என்பது நிபந்தனை.

படம் வராத காலை

அவர் பொறுப்பேற்ற வாரமே, திரையில் படங்கள் மறைந்து வெள்ளை எழுத்துகள் மட்டும் நின்றன. "செத்துப்போச்சுங்க" என்று மேலாளர் பொன்னுசாமி தொலைபேசியில் அறிவித்தார். லினக்ஸ் எந்த அளவுக்கு விழித்தெழ வேண்டும் என்பதற்கு எண்ணிட்ட நிலைகள் உண்டு. மூன்றாம் நிலையில் எல்லா வேலையும் நடக்கும், திரையில் எழுத்து மட்டுமே தெரியும். ஐந்தில் படமும் சேரும். அன்று அது மூன்றில் நின்றிருந்தது. நான் நேரில் போய் விளக்கத் தொடங்குமுன், சாயம் அளந்து ஊற்றும் இயந்திரத்தைச் சுட்டிக்காட்டினார் காளீஸ்வரி: "செத்த கம்ப்யூட்டரா சார் கலர் ஊத்திக்கிட்டு இருக்கு?"

ஒருவருக்கு மட்டும்

மின்வெட்டொன்றில் வன்வட்டு பழுதாகவே, அதைச் சீராக்கக் கணினியை ஒன்றாம் நிலைக்கு இறக்கினேன். அதில் வலையமைப்பு இயங்காது; எதிரே அமர்ந்திருப்பவர் ஒருவரே வேலை செய்யலாம். முதலாளி கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒருத்தருக்குத்தான் வேல செய்யுமுன்னா, அது எனக்குச் செய்யோணுமுங்க வாத்தியாரே."

எழுந்து எழுந்து விழுந்தது

இந்தக் குழப்பங்கள் தொடராதிருக்க, ஒன்று, மூன்று, ஐந்து ஆகியவற்றின் பொருளையும் கணினி எழும்போது தானாகப் போய் நிற்கும் தொடக்க நிலையை மாற்றும் கட்டளையையும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டும் நான்கும் இங்கே பயன்பாட்டில் இல்லை. நிறுத்திவிடும் பூஜ்யத்தையும், மறுபடி தொடங்கவைக்கும் ஆறையும் வேண்டுமென்றே விட்டேன். தெரிந்தால் யாராவது போட்டுப் பார்ப்பார்கள் என்ற அச்சம்.

அடுத்த வாரம் ஒரு காலை, கணினி எழுவதும் உடனே அணைந்து மறுபடி எழுவதுமாக இருந்தது. சாயத்தொட்டிகள் காத்துக் கிடந்தன. "மடிக்கிற பக்கமே போகட்டுமுங்க" என்றார் முதலாளி. காளீஸ்வரி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பாடபேதம் திரட்டிய என் பழைய வழக்கப்படி அங்கிருந்த மூவரையும் தனித்தனியே கேட்டு எழுதினேன். "அந்தப் பொண்ணு போட்டதும் போச்சுங்க" என்றார் பொன்னுசாமி. "சுவிட்சத்தான் சார் போட்டேன், வேற எதையும் தொடல" என்றார் காளீஸ்வரி. பீகார்த் தொழிலாளி மனோஜ் மட்டும் முந்தைய நாளிலிருந்து தொடங்கினார்: "நேத்து சாயங்காலம் மேனேஜர் சார் டைப் பண்ணுச்சு."

தொடங்கும்போதே 'மூன்று' எனக் கட்டளையிட்டேன். கணினி எழுந்து நின்றது. தொடக்க நிலையைப் பார்த்தேன்: ஆறு. எழுந்ததும் மறுபடி தொடங்கு என்பதே அதற்கு இடப்பட்டிருந்த ஆணை.

பொன்னுசாமி தலையைச் சொறிந்தார். "அஞ்சுல படம் வருதுங்க. ஆறுல இன்னும் வெரசா வருமுன்னு நெனச்சேனுங்க."

முதலாளி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "பொண்ணு இங்கயே இருக்கட்டும். நீங்க அதத் தொடாதீங்க" என்றார்.

காளீஸ்வரி பையை இறக்கி வைத்தார். சுவரிலிருந்த சீட்டைப் பிரித்தெடுத்துப் பேனாவோடு என்னிடம் நீட்டினார்: "விட்டத எழுதிட்டுப் போங்க சார்."

ஒரு பாடபேதத்தைக்கூட விடக்கூடாது என்று காலமெல்லாம் மாணவரிடம் வற்புறுத்திய நான், ஐந்து எண்களில் இரண்டை விட்டுவிட்டேன்.