துரை கழித்துப்போட்ட பூட்ஸ்

கூடலூர் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் எஸ்டேட்டில் நான் கொழுந்து பறித்த காலம் அது. மழை பிடித்தால் அட்டை காலை விடாது. துரை கழித்துப்போட்ட பூட்ஸ் என்னிடம் இருந்தும், தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில், விறகுக்குப் பின்னால் ஒளித்தே வைத்திருந்தேன்.

“பொம்பள பூட்ஸ் போட்டா லயமே சிரிக்கும் புள்ள” என்பார் மாமியார்.

நான்காம் மழைக்காலத்தில், பொறுக்கமுடியாமல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். லயமே சிரித்தது. சாயங்காலம் என் காலில் ஒரு அட்டைகூட இல்லை. தன் காலிலிருந்த அட்டைகளுக்கு உப்பு வைத்தபடி, மாமியார் என் காலையே பார்த்தார்.

மறுநாள் காலை பூட்ஸைக் காணோம். மேட்டில் மாமியார் தொம் தொம்மென்று ஏறிக்கொண்டிருந்தார்.

“அத்தே, அது என்னோடதுங்க!”

“நேத்து உன்னயப் பாத்துச் சிரிச்சாங்கல்ல? இன்னிக்கு என்னயப் பாத்துச் சிரிக்கட்டும், போ புள்ள!”

வெறுங்காலோடு பின்னால் நடந்தேன். இவருக்குப் பயந்தா மூன்று மழைக்காலம் அட்டைக்கு ரத்தம் கொடுத்தேன்!