பூத்துக்காரப் பெண்ணுக்கு ஒரு வாழ்த்து

கவிதை எழுத வேண்டும் என்றுதான் பள்ளிக்கூட வேலையை விட்டேன். விட்ட பிறகு கவிதையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். பத்தாம் வகுப்பு கைடுக்கு வினா விடை எழுதினேன். சென்னைப் பதிப்பகம் ஒன்று பஸ் பார்சலில் அனுப்பும் சித்த மருத்துவப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்த்தேன். அதே பதிப்பகத்துக்காகத் தண்ணீர் மோட்டாரைப் பராமரிப்பது எப்படி என்ற ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கினேன். போதாததற்கு, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த அச்சகத்துக்குக் கல்யாண வாழ்த்து மடல்களும் எழுதிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் சேர்ந்து அச்சடித்து, கண்ணாடி போட்டு, மேடையில் வாசித்துக் கொடுப்பார்களே, அந்த மடல்கள்.

"பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு குடுத்துட்டேன். மிச்சத்த நீயே போட்டுக்கோம்மா" என்பார் அச்சகக்காரர். என்னிடம் இரண்டு பாட்டுகள் தயாராக இருந்தன. ஒன்றில் மணமகள் குத்துவிளக்கு. இன்னொன்றில் மகாலட்சுமி. பேரை மட்டும் மாற்றுவேன்.

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு அப்போது போன் வரவில்லை. சென்னைக்குப் பேச, அச்சகத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் போவேன். அதைப் பார்த்துக்கொண்டவள் என்னைவிடச் சில வயது சின்னவள். கண்ணாடிக் கூண்டுக்குள் நான் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும். பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "நாளைக்கு அனுப்பிடறேன் சார்."

ஒருநாள் வேறு பேச்சு. சிற்றிதழ் ஆசிரியர் ஒருவர் சிறப்பிதழுக்குக் கவிதை கேட்டு கார்டு போட்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் நான் ஒரு கவிதைகூட எழுதியிருக்கவில்லை. "இந்தத் தடவை கவிதை தர முடியல சார், வேலை அதிகம்" என்று சொல்லி போனை வைத்தேன். அழுகை வந்துவிட்டது. கூண்டுக்குள்ளேயே நின்றேன். வெளியே டேப் ரெக்கார்டரின் சத்தம் திடீரென்று கூடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் வந்தபோது அவள் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கவிதை எழுதுவியாக்கா நீ? கைடு எழுதற டீச்சர்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

"எழுதிக்கினு இருந்தேன்" என்றேன்.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டாள். அச்சகத்தில் விலாசம் வாங்கியிருக்கிறாள். கையில் ஒரு வாழ்த்து மடலின் புரூஃப்.

"இது நீ எழுதினதாமே?"

வாங்கிப் பார்த்தேன். அந்த வாரம் எழுதிக் கொடுத்தது, மகாலட்சுமிப் பாட்டு. மணமகளின் பேரைப் படித்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இத்தனை நாளில் அவள் பேரை நான் கேட்டதே இல்லை.

"எனக்குத்தான்க்கா கல்யாணம். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. பாஸ்டர் பக்கத்துல நின்னுக்கினு இருக்கும்போது மைக்ல என்ன மகாலட்சுமின்னா, எங்கம்மா மயக்கம் போட்டு வுழுந்துடும்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மாத்தித் தர்றேன்மா. ஆதாம் ஏவாள்னு போட்டுடலாமா?"

"அத பாஸ்டரே சொல்லிடுவாரு. கைடுக்கு எழுதற மாரி எழுதாதக்கா. அன்னிக்கி போன்ல கவிதைன்னியே, அது மாரி எழுது. என்னப் பத்தி எழுது."

நாளைக்கு மோட்டார் கையேட்டை முடித்தாக வேண்டும் என்று இழுத்தேன். டீ கொண்டுவந்த என் கணவர், "மோட்டார் ஒருநாள் ஓடலன்னா ஒண்ணும் ஆயிடாது. எழுது" என்றார்.

மறுநாள் காலை அவள் பூத்திலிருந்தே பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். அவகாசம் கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஒருநாள்கூட அதுவரை கேட்டதில்லை. "சரிம்மா, புதன்கிழமை அனுப்புங்க" என்று பதிப்பகக்காரர் போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். பட்டு வியாபாரி ஒருவர் பெங்களூருக்குக் கத்திப் பேசினார். நம்பர் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டிய அம்மாவுக்கு இவளே எண்களை அழுத்திக் கொடுத்தாள். பிறகு ஒரு இளைஞன் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அவன் தோள் குலுங்கியது. இவள் அந்தப் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி டேப் ரெக்கார்டரின் சத்தத்தைக் கூட்டினாள். காத்திருந்தவர்கள் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு எனக்கும் இதைத்தான் செய்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. புரூஃப் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினேன்:

ஊரெல்லாம் ஊருக்குப் பேச
நடுவில் இருந்தவள்.
கூண்டுக்குள் ஒருவர் உடைந்தால்
பாட்டைக் கூட்டி வைப்பாள்,
அழுகை வெளியே கேட்காதபடி.
இனி அவள் பேசட்டும்,
கேட்க ஒருவன் வந்திருக்கிறான்.

"இதுல வாழ்த்து எங்கம்மா இருக்குது?" என்றார் அச்சகக்காரர். கடைசியில் அவரே கீழே 'வாழ்க பல்லாண்டு' என்று சேர்த்து, இரண்டு புறாக்களையும் போட்டு அச்சடித்தார்.

சர்ச்சுக்குப் பின்னாலிருந்த கூடத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளையின் நண்பர் மடலை வாசித்தார். பந்திக்கு நேரமாகிறதே என்று வேகமாக ஆரம்பித்தவர், மூன்றாவது வரியில் நிதானமானார். கூடத்தில் பேச்சு அடங்கியது. மணமகள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வாசித்து முடித்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்த ஒரு அம்மா, நான் யாரென்றே தெரியாமல், என் பக்கம் சாய்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருந்தப்ப எனக்கும் இப்பிடித்தாம்மா பாட்டு வெச்சிது இந்தப் பொண்ணு. சரியாத்தான் எழுதியிருக்காங்க."

கவிதைக்கு அப்படி ஒரு விமர்சனம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. புறாக்களையும் பல்லாண்டையும் எடுத்துவிட்டு அதை அந்தச் சிற்றிதழுக்கு அனுப்பினேன். போட்டார்கள்.

வேலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. கைடும் புரூஃபும் வந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் காலையில் கணவர் கம்பெனி பஸ் ஏறியதும் கொஞ்ச நேரம் எந்தப் பார்சலையும் பிரிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். சில நாள் ஒரு வரி வரும். சில நாள் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவகாசம் கேட்கவும் பழகிவிட்டேன். அச்சகக்காரரிடம், மணமகளையோ மணமகனையோ பார்த்துப் பேசாமல் வாழ்த்து எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "கல்யாண அவசரத்துல யாரும்மா வந்து ஒங்கிட்ட கத சொல்வாங்க?" என்று முனகினார்.

பலர் வரவில்லை. ஆனால் அடுத்த முகூர்த்த மாதத்தில், தாமலிலிருந்து ஒரு லாரி டிரைவர் தன் கல்யாணப் பத்திரிகையும் கையுமாக வந்து நின்றார். வெட்கப்பட்டார். "நம்மளப் பத்தி எழுத இன்னாம்மா இருக்குது?" என்றார். பிறகு அவரே, "வெளியூர் டிரிப் முடிச்சி விடியற நேரத்துல வரும்போது ஏரிக்கரைல வண்டிய ஓரங்கட்டிடுவேன். சும்மா தண்ணியப் பாத்துக்கினு இருப்பேன். இதெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டார்.

புரூஃப் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "உக்காருங்கண்ணா, சொல்லுங்க" என்றேன்.